பதினேழாம் நம்பர், ஆப்சென்ட்

என்னை டீச்சர் என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன், இனிமேல் முடியாது. நான் ஒரு நாளும் சம்பளம் வாங்கிப் பாடம் நடத்தியவள் இல்லை. பலமனேரில் காய்கறி மண்டி வைத்திருப்பவள். தக்காளிப் பெட்டியைத் திறக்காமலே அடியில் அழுகல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமை எனக்குப் போதும்.

நேற்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தியைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டருக்குத் தொண்ணூறு நெருங்குகிறதாம். சித்தூரில் மகன் வீட்டில் இருக்கிறவரை நம் பழைய ஹைஸ்கூலுக்கே அழைத்து வந்து, சால்வை போட்டு, 'தமிழ் செக்‌ஷனைக் காப்பாற்றிய பெருந்தகை' என்று கல் பதிக்கப் போகிறீர்களாம். அதில் டீச்சரம்மா இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். மேடையில் பேசினால் நீங்கள் கை தட்டியே என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது திருப்பதி தனி மாவட்டம் இல்லை, எல்லாம் சித்தூர் ஜில்லாதான். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் நம் ஊர். ஹைஸ்கூலில் வகுப்புக்குத் தெலுங்கு செக்‌ஷன் ஒன்று, தமிழ் செக்‌ஷன் ஒன்று. நம் செக்‌ஷனில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் கழனி வீட்டுப் பிள்ளைகள். கணக்குக்கும் சமூகத்துக்கும் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள். இங்கிலீஷுக்கும் சயின்ஸுக்கும் இல்லை. நாம் ஒன்பதாவது போனபோது அந்த இடம் காலி. தெலுங்கு செக்‌ஷனுக்கு அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்த சாரையே நமக்கும் அனுப்பினார்கள். பலமனேரிலிருந்து வந்தவர் என்பதால் அவர் நமக்குப் பலமனேர் சார்.

பாவம், நல்ல மனுஷர். விரலில் சாக்பீஸ் தூளும் சைக்கிள் கிரீஸும் எப்போதும் கலந்திருக்கும். தமிழ் மட்டும் அவருக்கு வராது. நமக்குச் சந்தைத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு, ஆனால் புத்தகத் தெலுங்கு வேறு. முதல் வாரமே போர்டில் 'கிரணஜன்ய சம்யோக கிரியா' என்று எழுதி வாசித்தார். பையன்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "இன்னாடா, மந்திரம் சொல்லிகினு கீறாரு" என்றது. நான் வாய் சும்மா இராமல், "இலை வெயில்ல சோறாக்குறதுடா, ஒளிச்சேர்க்கை" என்றேன்.

எனக்கு அது தெரிந்ததில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. திருத்தணியில் இருந்த என் மாமா தன் மகளின் பழைய பாடப் புத்தகங்களை எங்கள் வீட்டில் கொண்டுவந்து போடுவார். நம் தமிழ்ப் புத்தகமோ அரைப் பரீட்சை முடிந்த பிறகுதான் வந்து சேரும். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தெலுங்கு வீடுகள். அந்தப் பிள்ளைகள் கத்திப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு அவர்கள் புத்தகத் தெலுங்கும் எனக்குப் பழகியிருந்தது.

சார் திரும்பினார். எழுந்து நிற்கச் சொன்னார். அடி விழப்போகிறது என்று கையை நீட்டிவிட்டேன். அவர், "செப்பம்மா" என்றார். சொல்லு என்று அர்த்தம்.

அன்றைக்கு எழுந்து நின்றவள்தான். அவர் ஒரு வாக்கியம் தெலுங்கில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். இங்கிலீஷ் பாடம் இன்னும் வேடிக்கை. இங்கிலீஷில் வாசித்து, தெலுங்கில் விளக்கி, "செப்பம்மா" என்று என்னைப் பார்ப்பார். ஒரு வரி இரண்டு வாய் மாறி உங்கள் காதுக்கு வந்தது. எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினீர்கள். நின்றுகொண்டே இருக்கிறவள் எப்போது எழுதுவாள் என்று உங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? கேட்டால், "உனுக்கு இன்னாடி, எல்லாம் வாயிலயே கீது" என்பீர்கள்.

பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரொம்பப் பிடித்திருந்தது. பித்தளைக் குண்டும் வளையமும் ஞாபகம் இருக்கிறதா? பீரோவில் ஸ்பிரிட் விளக்கு இருந்தது, ஸ்பிரிட் இல்லை. சார் தன் வீட்டு பம்ப் ஸ்டவ்வைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். குண்டு முதலில் வளையத்துக்குள் சுலபமாகப் போய் வந்தது. ஸ்டவ்வில் காய்ச்சி வைத்ததும் வளையத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. வகுப்பு முழுக்கக் கிருஷ்ணாயில் வாடை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். சூடு ஆறி, டக் என்று அது கீழே விழுந்தபோது நாம் போட்ட கூச்சலில் ஹெட்மாஸ்டர் பிரம்போடு ஓடிவந்தார். அந்தக் குண்டும் வளையமும் இப்போது எந்தப் பழைய இரும்புக் கடையில் உருகியதோ.

தை மாதம் பலமனேர் சார் நம்மைத் திருப்பதிக்குச் சயின்ஸ் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் யார் யார் வாந்தி எடுத்தீர்கள் என்று பேரப்பிள்ளைகள் முன்னால் சொல்ல மாட்டேன். கண்காட்சி நடந்தது பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு சர்க்கார் பள்ளியில். அங்கேதான் முதல் முதலாக லேபரேட்டரி என்பதைப் பார்த்தேன். மேஜைக்கு மேஜை தண்ணீர்க் குழாய், கழுவுத் தொட்டி, கண்ணாடிக் குப்பிகள். ஒரு பெண், என்னைவிட ஒரு வயசுதான் பெரியவளாக இருப்பாள், வெங்காயத்தின் உள்தோலைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். செங்கல் அடுக்கினதுபோல அறை அறையாக இருந்தது. தினமும் அம்மா நறுக்குகிற வெங்காயத்துக்குள்ளே இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இடித்துத் தள்ளும்வரை கண்ணை எடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பின மறுவாரம் ஹெட்மாஸ்டர் ஒரு செய்தி சொன்னார். அதே பள்ளியில் பத்தாவதும் அதற்கு மேல் இரண்டு வருஷம் இன்டரும் படிக்க, ஒவ்வொரு ஹைஸ்கூலிலிருந்தும் ஒரு பெண்ணை எடுக்கிறார்களாம். தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். பலமனேர் சார் யோசிக்காமல் என் பெயரைச் சொன்னார். ஹெட்மாஸ்டரும் என் பெயரையே மேலே சொல்லி அனுப்பினார். ஒரு ஆபீசர் வந்து பிள்ளையைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு முடிவு செய்வார் என்றார்கள்.

என் அப்பா, நைனா, தறியிலிருந்து எழுந்து வந்து கேட்டுவிட்டு, "சோறும் போட்டுப் படிக்க வெக்கிறாங்கன்னா போம்மா, நல்லா படி" என்றார். அம்மா அடுத்த நாளே புத்தூர் போய்ப் பச்சைப் பெயின்ட் அடித்த டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். சீப்பு, ரிப்பன், இரண்டு பாவாடை என்று ஒவ்வொன்றாக உள்ளே போட ஆரம்பித்தாள். ராத்திரி படுக்கும்போது அந்தப் பெட்டியில் கை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். பெயின்ட் வாசனை கையிலேயே இருக்கும்.

அப்போதுதான் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது.

சித்தூரிலிருந்து ஆபீசர் வருகிறார், தமிழ் செக்‌ஷனில் சயின்ஸுக்கும் இங்கிலீஷுக்கும் ஆள் இல்லை என்று கண்டுபிடித்தால் அடுத்த வருஷம் செக்‌ஷனையே மூடித் தெலுங்கோடு சேர்த்துவிடுவார் என்று ஹெட்மாஸ்டருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் நம்மாள். தமிழ் செக்‌ஷன் மேல் உயிர். அதை நான் மறுக்கவில்லை. ஆள் இல்லை, அனுப்புங்கள் என்று ஆபீசரிடம் நேராகக் கேட்கலாம் அல்லவா? அது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது வேறு. ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, தறிக் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நைனாவிடம் சொன்னார்.

"ஒரே ஒரு நாள்தான்யா. உம் பொண்ணு நல்ல உயரம். ஒரு புடவை கட்டிட்டா டீச்சர்னுதான் சொல்லுவாங்க. தெனம் செய்யறததான செய்யப் போறா."

"தப்பு இல்லியா சார்?" என்றார் நைனா.

"நம்ம புள்ளைங்க தமிழ்ல படிக்கணுமா, வேணாமா?"

நைனா சரி என்று தலையாட்டிவிட்டார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன், "அப்போ என் எடத்துல யாரு சார் உக்காருவாங்க?"

ஹெட்மாஸ்டர் சிரித்தார். "பாத்தியா, இப்பவே டீச்சர் மாதிரி கேள்வி கேக்குது." நைனாவும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கேட்ட கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் பதில் வரவில்லை.

திருப்பதிப் படிப்பு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "அதுக்கு வேற ஆபீசர், வேற நாளு" என்று ஹெட்மாஸ்டர் கையை வீசினார். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று கேட்காதீர்கள். அவராக நினைத்துக்கொண்டார். பலமனேர் சார் மட்டும் ஆபீஸ் ரூமில் நின்று, "பிள்ள சார் அது, பாவம்" என்றார். என் காது கேட்க அவர் தமிழில் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். ஹெட்மாஸ்டர் அவரைத் தெலுங்கு செக்‌ஷனைப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஆபீசர் வருகிற அன்று காலை தையல் டீச்சர் வந்து தன் நீலப் புடவையை எனக்குக் கட்டிவிட்டார். ரசகற்பூர உருண்டை வாடை அடித்தது. கழன்றுவிடக் கூடாதென்று இடுப்பைச் சுற்றி ஊக்கு ஊக்காகக் குத்தினார். கொண்டை போட்டு, தன் கைக்கடிகாரத்தையும் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினார். அம்மா திருஷ்டி கழித்தாள். நைனா தறியை நிறுத்திவிட்டு வாசல்வரை வந்து பார்த்தார். கல்யாணப் பெண்ணை அனுப்புவதுபோல அனுப்பினார்கள்.

ஆபீசர் வெள்ளைச் சட்டை போட்ட, கண்டிப்பான மனுஷர். தெலுங்கும் இங்கிலீஷும் பேசினார், தமிழ் ஓரளவு புரியும் என்றார். நான் உள்ளே நுழைந்ததும் நீங்கள் எல்லோரும் எழுந்து, "குட் மார்னிங் டீச்சர்" என்று பாடினீர்கள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது போல நடித்தான். அவன்தான் இப்போது நம் குரூப் அட்மின்.

முதலில் அட்டென்டன்ஸ் எடுக்க வேண்டும். நம் பள்ளியில் பெயர் சொல்ல மாட்டார்கள், நம்பர்தான். பதினைந்து என்றேன், பிரசென்ட் டீச்சர். பதினாறு என்றேன், பிரசென்ட் டீச்சர். பதினேழு என்னுடைய நம்பர். முந்தின நாளே ஹெட்மாஸ்டர் உங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார். நான் "பதினேழு" என்றேன். நீங்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஆப்சென்ட் டீச்சர்" என்றீர்கள். என் கையாலேயே போட்டேன். பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில், சுவரோரம், ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

பாடம் நன்றாகத்தான் நடந்தது. குண்டு, வளையம், ஸ்டவ், எல்லாம். ஆபீசர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரயில் தண்டவாளத்தில் ஏன் நடுநடுவே இடைவெளி விடுகிறார்கள் என்று தெலுங்கில் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். என் பெஞ்சுக்காரி, பால்காரர் மகள், எழுந்து டக்கென்று பதில் சொன்னாள். முந்தின சாயங்காலம் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆபீசருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பிறகு ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பி, "திருப்பதிக்கு நீங்கள் சொன்ன பெண் எங்கே? கூப்பிடுங்கள், பார்த்துவிடலாம்" என்றார். என் பெயரைச் சொன்னார்.

அதே ஆபீசர். அதே நாள்.

ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஜுரம் சார், இன்னைக்கு வரல" என்றார். ஆபீசர் காலி இடத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்‌ஷன் நாளிலேயே வராத பெண் ஹாஸ்டலில் என்ன நிலைத்துப் படிப்பாள் என்று தெலுங்கில் முணுமுணுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, மரியாதையாக, இங்கிலீஷில் கேட்டார். டீச்சர், நீங்களே சொல்லுங்கள், இந்த வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் யார்?

அந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் என்னைத் தமிழில் சொல்லச் சொல்லவில்லை.

ஆபீசருக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர் கையை ஆட்டினார், பேசாதே என்று. கதவருகில் பலமனேர் சார் வந்து நின்றிருந்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் செக்‌ஷன் போகும், ஹெட்மாஸ்டர் வேலை போகும், நைனாவுக்கு ஊரில் தலைகுனிவு. பதினாலு வயசுப் பிள்ளையின் தலையில் இத்தனையையும் ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பால்காரர் மகளைக் கை காட்டினேன். ஆபீசர் தலையாட்டினார். என் படிப்பு அவ்வளவுதான்.

அவர் ஜீப் கிளம்பினதும் ஒரே கொண்டாட்டம். ஹெட்மாஸ்டர் ஓட்டலிலிருந்து போண்டாவும் டீயும் வரவழைத்தார். தையல் டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். என்ன நடந்தது என்று என்னைத் தவிர யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்தவர்கள் போண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா, நீ செஞ்சது எவ்ளோ பெரிய உபகாரம்" என்றார். அடுத்த வருஷம் பத்தாவது முடித்தவளை யார் பத்தாவதில் சேர்ப்பார்கள்?

வீட்டில் அழுதேன். நைனா தலையைத் தடவி, "போனா போவுது, வுடும்மா. ஊரே உன்ன டீச்சரம்மான்னு சொல்லிகினு கீது" என்றார். அவரையும் நான் மன்னிக்கவில்லை. சாகும்வரை அவரிடம் பிரியமாகத்தான் இருந்தேன், ஆனால் இந்த ஒன்றை மன்னிக்கவில்லை.

கோடை விடுமுறையில் பலமனேர் சாருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தமிழ் செக்‌ஷனில் கெட்டிக்கார டீச்சர் இருக்கிறார் என்று ஆபீசரே நம்பிப் போய்விட்டாரே, வேறு யாரை அனுப்புவார்கள்? பத்தாவது முழுக்கத் திருத்தணிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான்தான் நின்றேன். நீங்கள் பாஸ் செய்தீர்கள். நானும் பாஸ் செய்தேன், சயின்ஸில் தட்டுத் தடுமாறி. பரீட்சை ஹாலில்தான் சயின்ஸை முதல்முறையாக உட்கார்ந்து எழுதினேன். வாயில் வரும் பதில் கையில் வரவில்லை. மணி அடித்தபோது பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. நைனா, "படிச்ச வரிக்கும் போதும்" என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து பாவாடைகளை எடுத்துவிட்டு அம்மா அதில் நூல்கண்டு போட்டு வைத்தாள். சில வருஷத்தில் எனக்குப் பலமனேரில் கல்யாணம். நம் தமிழ் செக்‌ஷனும் ஆளில்லாமல் தேய்ந்து தேய்ந்து மூடிப்போனது. எதைக் காப்பாற்றியதற்குக் கல் வைக்கிறீர்கள் என்று நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன்.

பலமனேர் சார் ஒரு தரம் மண்டிக்கு வந்தார், கைத்தடியோடு. என்னை அடையாளம் கண்டுகொண்டு, அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் அம்மா என்று தெலுங்கில் சொன்னார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்கு யாரும் சால்வை போடவில்லை. இப்போது போடலாம் என்றால் அவர் உயிரோடு இல்லை.

பால்காரர் மகளே, நீயும் இதைப் படிப்பாய். திருப்பதியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனாய், எனக்கு அதில் சந்தோஷம்தான், உன் மேல் ஒரு துளி கோபமும் கிடையாது. போன வாரம் போனில், "நீ என்ன கை காட்டலன்னா நான் ஏதுடி" என்றாய். அதற்கு நன்றி சொல்லாதே. அந்த இடத்தை நானாகக் கொடுத்திருந்தால் நன்றியை வாங்கிக்கொள்வேன். அந்த லேபரேட்டரிக் குழாயில் பாதி நாள் தண்ணீரே வராது என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாய். அந்தக் குறையைச் சொல்லவாவது எனக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

விழாவுக்கு வருகிறேன். மேடையில் எனக்கு நாற்காலி போடாதீர்கள். அதே வகுப்பறையில், பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில், சுவரோரம் என் இடத்தை விட்டு வையுங்கள். ஹெட்மாஸ்டரைச் சேரில் உட்கார வைத்து அட்டென்டன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தவரை சத்தமாகக் கூப்பிடட்டும். பதினேழு என்று அவர் சொல்லும்போது யாரும் எனக்காகப் பதில் சொல்லாதீர்கள். நானே சொல்லிக்கொள்கிறேன்.